அப்பன் பேர் தெரியாத கட்டி

பிள்ளையின் மூக்கைப் பார்த்தே அப்பன் யாரென்று சொல்லிவிடும் பெரிசுகள் ஊர்ப் பஞ்சாயத்தில் உண்டு. மருத்துவத்தில் இந்த வேலையை நோய்க்குறியியல் நிபுணர்கள் பார்த்தார்கள். இவர்கள் கையில் மைக்ரோஸ்கோப் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன நூற்றாண்டின் முற்பாதியில் அவர்கள் முன்னால் ஓர் அபூர்வக் கட்டி வந்து நின்றது. பெரும்பாலும் வாலிப வயதில், முழங்காலுக்குப் பக்கமாகத் தலைகாட்டும். சிலருக்கு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். ஸ்லைடில் நீள நீளமான செல்கள் நெருக்கியடித்து நிற்கும்; நடுநடுவே சிறு பிளவுகள், அவற்றின் ஓரமாக வரிசை கட்டிய வேறு செல்கள். “அட, மூட்டுச் சவ்வு ஜாடை!” என்றார்கள் பெரியவர்கள். குடியிருப்பதும் மூட்டுப் பக்கம்தான். வேறென்ன சாட்சி வேண்டும்? ‘சினோவியல் சார்கோமா’, அதாவது மூட்டுச் சவ்வின் வாரிசு என்று பதிந்தாயிற்று.

அதே கட்டி நுரையீரலிலும் தொண்டையிலும் முளைத்தது. அங்கே ஏது மூட்டு? பஞ்சாயத்து லேசாகச் செருமிக்கொண்டது. மூட்டுக்குள்ளேயே பிறக்கும் கட்டிகளோ நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை.

1980களின் நடுவில் மானம் கப்பலேறியது. எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதுதான் விஷயம் என்று தெரிந்தது. 1994-ல் ஒட்டிக்கொண்ட மரபணுக்களும் பிடிபட்டன. மூட்டுச் சவ்வு நிரபராதி. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கட்டியை ‘எந்தத் திசுவின் வழி என்று உறுதியில்லாதவை’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. பெயரை மட்டும் மாற்றவில்லை. இதன் பங்காளி ஒன்றுக்கு இன்னும் மோசம். ‘மாலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா’ என்று ஒரு காலத்தில் கண்டதற்கெல்லாம் சூட்டிய பெயர் அது. 1992-ல் ஃப்ளெட்சர் என்பவர் 159 கட்டிகளைத் தூசு தட்டிப் பார்க்க, பெரும்பாலானவை வேறு வீட்டுப் பிள்ளைகள். 2013-ல் அந்தப் பெயரையே தலைமுழுகினார்கள்.

சரி, பெற்றது யாரென்று தெரியாது, வரவழைத்தது எது? இங்கேதான் நம்ம தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், கதைக்குள் வருகின்றன. தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க பென்டாகுளோரோஃபீனால் போடுவது வழக்கமாக இருந்தது. 1979-ல் சுவீடனில் ஹார்டெல் என்ற மருத்துவர், களைக்கொல்லியும் இதே இனமான குளோரோஃபீனால்களும் புழங்கியவர்களுக்கு மென்திசு சார்கோமா (நம் கட்டியும் இதில் சேர்த்திதான்) வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்றார். 1994-ல் அதே நாட்டின் தோல் தொழிலாளர்களை எண்ணினார்கள். ஒருவருக்கு வந்திருக்கலாம் என்று கணக்குச் சொன்ன இடத்தில் ஐந்து பேர். ஐந்து பேரை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா என்று பஞ்சாயத்து மறுபடி கூடியது. வேறு நாட்டுக் கணக்குகள் ஒத்துவரவில்லை.

ஜெர்மனி பஞ்சாயத்துக்குக் காத்திருக்கவில்லை. 1989-ல் தடை போட்டது: கிலோ தோலுக்கு 5 மில்லிகிராம், அதற்கு மேல் இருந்தால் சரக்கு திரும்பிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலாளிகளுக்கு ஒரே ராத்திரியில் வேதியியல் புரிந்துவிட்டது! அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினார்கள், மாற்று மருந்து தேடினார்கள். வெறுங்கையோடு தோல் புரட்டியவர்களும் பாலாற்றங்கரைக் கிணற்றுக்காரர்களும் பாவம், ஜெர்மன் வாடிக்கையாளர்கள் இல்லை. தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் 1991-ல் போட்ட வழக்குக்கு உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தோல் ஷாப் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவர்களே இழப்பீடும் கட்ட வேண்டும்.

பென்டாகுளோரோஃபீனாலும் தப்பவில்லை. 2016-ல் அது புற்றுநோய் தரும் பொருள்தான் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முத்திரை குத்தியது. ஆனால் அது நிணநீர்ப் புற்றுநோய்க் குற்றத்துக்கு. சார்கோமா கேஸ் இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது.