‘ஓவர்’ சொல்லுமுன் குறுக்கே பேசாதீர்!

(வெள்ளறடையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வாரம் ஒருநாள் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ நெட் நடத்துகிறவன் என்ற ஒரே தகுதியில், இந்த வாரக் கேள்விகளுக்கு அடியேன்.)

கையில் மொபைல் இருக்கிறது, வாட்ஸாப் குரூப் இருக்கிறது. பிறகு எதற்கு மைக்கைப் பிடித்து ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்று கத்துகிறீர்கள்?
– வாசகர், களியக்காவிளை

டவரும் கரண்டும் இருக்கிறவரை எதற்கும் இல்லை. அவை இல்லாத நாள் ஒன்றைச் சொல்கிறேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத், 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேயர் போயிருந்தார். அந்தமானில் வெகுகாலமாக ஹாம் குரலே கேட்கவில்லை. அதனால் உலகம் முழுவதிலுமிருந்து அவரை அழைக்கப் போட்டா போட்டி. டிசம்பர் 26 காலை நிலம் குலுங்கியது, பின்னாலேயே கடல் வந்தது. தொலைபேசிகள் ஊமையாயின. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே பெட்டிதான் அன்று தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தது: யார் உயிரோடு இருக்கிறார், யாரைக் காணவில்லை, என்ன தேவை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்து ஹாம்களும் இதே வேலையைச் செய்தார்கள்.

அப்படியொரு நாளில் முதன்முதலாக மைக் பிடிப்பவர் பதற்றத்தில் ஒரு பெயரை நான்கு விதமாகச் சொல்வார். வாராவாரம் ‘உங்கள் ஊரில் மழை உண்டா, சாப்பாடு என்ன’ என்று சாவகாசமாகக் கேட்டுப் பழகியவர் ஒரே தரத்தில் சரியாகச் சொல்வார். நெட்டின் பயன் அவ்வளவுதான். சாப்பாட்டு விவரம் இலவச இணைப்பு.

நெட்டில் அப்படி என்னதான் நடக்கும்?
– கல்லூரி மாணவி, தனுவச்சபுரம்

குறித்த நேரம், குறித்த அலைவரிசை. நெட் கண்ட்ரோல் என்று ஒருவர் இருப்பார். அவர் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி. எல்லாரும் உண்டார்களா என்று பார்க்க வேண்டும், கடைசியில்தான் தான் உண்ண வேண்டும். முதலில் ‘அலைவரிசையில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா’ என்று கேட்பார். பதில் இல்லையென்றால் நெட்டைத் திறந்து, வந்தவர்களின் கால்சைன்களை (ரேடியோவில் அவரவர் அடையாளக் குறி) ஒவ்வொன்றாக நோட்டில் குறிப்பார். பிறகு வரிசைப்படி கூப்பிடுவார். ஒருவர் பேசி ‘ஓவர்’ சொன்னபிறகே அடுத்தவர். நடுவே அவசரமென்றால் ‘பிரேக்’ என்று ஒரு சொல். அதைக் கேட்டதும் எத்தனை பெரிய மனிதரும் வாயை மூட வேண்டும். நம் ஊர்க் கூட்டங்களில் இந்த ஒரு சட்டத்தை மட்டும் கொண்டுவந்தால் பாதிக் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பலம் குறைந்த நிலையத்தை முதலில் பேசவிடுவது நல்ல கண்ட்ரோலுக்கு அழகு. பேட்டரியில் ஐந்து வாட்டில் முனகுகிறவருக்குத்தான் நேரம் குறைவு.

எல்லாரும் எல்லாருக்கும் ‘ஐந்து-ஒன்பது’ என்று முழு மார்க் ரிப்போர்ட் கொடுக்கிறார்களே, அத்தனை தெளிவாகவா கேட்கிறது?
– சந்தேகப் பிராணி, காரக்கோணம்

‘உங்கள் சிக்னல் ஐந்து-ஒன்பது, உங்கள் பெயரை இன்னொரு தரம் சொல்லுங்கள்’ என்பார்கள். மொய் எழுதும்போது யாராவது கணக்குப் பார்க்கிறார்களா?

கிழக்கே மலை நிற்கிறது. உங்கள் ஏரியல் கம்பியோ தென்னை உயரம்கூட இல்லை. கோழிக்கோடு வரை சிக்னல் எப்படிப் போகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாறசாலை

தாழ்வாக இருப்பதால்தான் போகிறது, சார். 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், அரை அலை டைபோல் கம்பி சுமார் 20 மீட்டர் நீளம். அதைப் பத்து மீட்டருக்குள் கட்டினால் சிக்னல் நேரே வானத்துக்கு எழும்பும். அயனி மண்டலத்தில் பட்டு, நம்மைச் சுற்றி முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்கு மழைபோல் இறங்கும். மலைக்கு அங்கே வேலையே இல்லை. உயரக் கட்டினால் ஐரோப்பா கிடைக்கும், கொல்லம் கிடைக்காது. வார நெட்டுக்கு கொல்லம்தான் முக்கியம்.

இரவு ஏற ஏற இந்தக் கதை மாறும். அயனி மண்டலம் மெலியும். பக்கத்து மாவட்டம் மங்கி, தூரதேசம் துலங்கும். ஆகவே நெட்டுக்கு நேரம் குறிப்பது ஜோசியருக்குச் சற்றும் குறையாத வேலை. இன்னொன்று: நம் தலைக்கு மேலே இருக்கிற அயனி மண்டலம் சாதாரணப்பட்டதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் ஓடியதால்தான் தும்பாவைத் தேர்ந்து 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் விட்டார்கள். ஏவுதளம் கட்டிப் பார்த்த வானத்தை நாம் செம்புக்கம்பி கட்டிப் பார்க்கிறோம்.

நெட் நடப்பது மலையாளத்திலா, தமிழிலா?
– எல்லைவாசி, பனச்சமூடு

வண்டி நம்பரைப் பார்த்தால் கேஎல்-19, டிஎன்-75 என்று தெரிந்துவிடும். கால்சைனில் அது தெரியாது, வி.யு. என்றால் இந்தியா, அவ்வளவே. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை பிரிந்து விளவங்கோடு தமிழ்ப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமும் போனதிலிருந்து நாம் வீட்டில் பேசுவது எந்த மொழி என்று வெளியூர்க்காரன் குழம்புகிறான். நெட்டிலும் அதுதான். கால்சைன் ஆங்கிலத்தில், விசாரிப்பு மலையாளத்தில், கேலி தமிழில்.

மரச்சீனி, ரப்பர் விலையை நெட்டில் சொல்லி வியாபாரம் பேசலாமா?
– வியாபாரி, அருமனை

கூடவே கூடாது. காசு சம்பந்தப்பட்ட பேச்சு ஹாமுக்கு விலக்கு. மரச்சீனி அவித்துச் சாப்பிட்டேன் என்று சொல்லலாம். கிலோ என்ன விலை என்று கேட்டால் சட்டமீறல். ரகசியக் குறியீட்டில் பேசவும் அனுமதி இல்லை. ஆகவே மனைவிக்குத் தெரியாமல் எதையும் பேச நினைப்பவர்கள் வேறு பொழுதுபோக்கு பார்க்கவும்.

முடிக்கும்போது ‘73’ என்கிறீர்கள். என் வீட்டுக்காரர் ஒருநாள் ‘88’ என்றார். என்ன அது?
– இல்லத்தரசி, அமரவிளை

73 என்றால் நல்வாழ்த்து. 88 என்றால் அன்பு முத்தங்கள். அன்று மறுமுனையில் யார் என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். ஹாம்கள் எல்லாவற்றையும் எழுதிவைப்பார்கள்.

செலவு? சொத்தை விற்க வேண்டுமா?
– இளைஞர், குழித்துறை

வெளிநாட்டு ரிக் (ரேடியோப் பெட்டி) வாங்கினால் கொஞ்சம் விற்க வேண்டிவரும். ஐதராபாத்காரர் அஷர் ஃபர்ஹான் ‘பிட்எக்ஸ்’ என்று ஒரு ரிக் வடிவமைத்தார். காயில் சுற்றும் வளையம் கிடைக்காவிட்டால் தண்ணீர்க்குழாய் வாஷரில் சுற்றிக்கொள்ளலாம் என்று வழிசெய்தவர். உலகம் முழுக்க அதைச் செய்து பேசியிருக்கிறார்கள். ரிக்கைவிடப் பெரிய தொல்லை மலிவு எல்.இ.டி. பல்பு. அது எரிந்தால் ரிசீவரில் வண்டு புகுந்த சத்தம்தான். பக்கத்து வீட்டுக்கு ஒரு நல்ல பல்பு வாங்கிக் கொடுப்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கே தொடங்கலாமா?
– அவசரக்காரர், நெய்யாற்றின்கரை

தேர்வு எழுதி, மத்திய அரசின் லைசென்ஸ் கைக்கு வராமல் மைக்கின் பொத்தானை அழுத்தக்கூடாது. 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம்; மோர்ஸ் தெரியாதவர்களுக்குத் தனி நிலை உண்டு. அதுவரை லைசென்ஸ் உள்ள ஒருவர் வீட்டில் உட்கார்ந்து நான்கு வாரம் காதை மட்டும் கொடுங்கள். துலாவர்ஷத்தில் (வடகிழக்குப் பருவமழையில்) வானம் இருண்டால், மின்னலுக்கு அஞ்சி, ஏரியல் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். நெட் அடுத்த வாரமும் உண்டு. கம்பியைப் பலாவில் கட்டுங்கள். ரப்பரில் வேண்டாம், காற்றுக்கு முறியும்.