கரப்பியல்

கரப்பான் பூச்சி வளர்ப்போர், வளர்க்காதோர் என்று உலகத்தாரை இரண்டாகப் பிரிப்பது பிழை. வளர்ப்பதை ஒப்புக்கொள்வோர், ஒப்புக்கொள்ளாதோர் என்று பிரிப்பதே முறை. என்னை? மேலைநாடுகளில் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் தங்கள் பூச்சிக்குச் செய்து தரும் வசதிகளைப் பாருங்கள்: இருட்டு, 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம், கொஞ்சம் ஈரம், ஒளிந்துகொள்ள முட்டை அட்டை, தின்ன நாய் பிஸ்கட்டும் பழத்தோலும். நம் சமையலறை ஸிங்க்குக்கு அடியில் இத்தனையும் கரண்ட் பில் ஏறாமலே கிடைக்கின்றன. முட்டை அட்டைக்குப் பதில் பழைய பேப்பர் கட்டு, நாய் பிஸ்கட்டுக்குப் பதில் சல்லடையில் தங்கிய சோற்றுப் பருக்கை. அவர்கள் காசு செலவழித்து வளர்க்கிறார்கள்; நாம் காசு செலவழித்து ஒழிக்கிறோம். எண்ணிக்கை இரு தரப்பிலும் கூடிக்கொண்டுதான் போகிறது.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு கரப்புக்கும் கச்சிதமாகப் பொருந்தும். நிலம், கேஸ் சிலிண்டரின் அடிவட்டமும் அலமாரிக் கதவின் கீலும். பொழுது, யாமம், அதாவது தண்ணீர் குடிக்க எழுந்தவர் லைட்டைப் போடும் நேரம். உரிப்பொருள், ஓடலும் ஓடல் நிமித்தமும். ஓடுவது யார் என்பதில் உரையாசிரியர்கள் ஒன்றுபட வாய்ப்பில்லை. வீட்டுக் கரப்பு வினாடிக்கு 1.5 மீட்டர் ஓடுவதை ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். அந்த உச்ச வேகத்தில் அது பின்னங்கால் இரண்டில் எழும்பி ஓடுகிறதாம். எதிர்த்திசையில் ஓடும் குடும்பத் தலைவரின் வேகம் இன்னும் அளக்கப்பட வேண்டும்.

இத்துறையினரிடையே ‘காட்டில் பிடித்தது’, ‘பெட்டியில் பிறந்தது’ என்று இரு வகுப்பு உண்டு. காட்டில் பிடித்ததற்கு மவுசு அதிகம். ஆனால் எது காடு? வீட்டுக் கரப்புக்கு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758இல் அமெரிக்காவின் பெயரைச் சூட்டிவிட்டார். அது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி அங்கே போய் இறங்கியது. அதைவிடச் சிறிய ஜெர்மன் கரப்போ, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் வங்கக் கடலோரத்தில், இந்தியாவிலோ மியான்மரிலோ, ஆசியக் கரப்பிலிருந்து கிளைத்தது என்கிறது 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு. இப்படிப்பட்ட பேர்வழிகளுக்கு நம் சமையலறைதான் காடு. எனவே மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் பிடித்ததையும் ‘காட்டில் பிடித்தது’ என்று எழுதி ஒட்டுவதில் இலக்கண வழு ஏதுமில்லை.

மெய்யாகவே காட்டுக்குப் போய்ப் பிடிக்கத் தக்க கரப்பு ஒன்று தென்னிந்தியாவில் இருக்கிறது. தெரியா பெட்டிவெரியானா என்பது அதன் நூற்பெயர். ஓர் அங்குலம் இருக்கும். கன்னங்கறுப்பு உடம்பில் வெளிர்மஞ்சளாக ஏழு வட்டப் பொட்டு. இளம்பருவம் முழுக்கப் புதர்க்காட்டுச் சருகு மண்ணுக்குள் புதைந்து கிடந்துவிட்டு, மழைக்காலத்தில் அலங்காரத்தோடு வெளியே வரும். வெளிநாட்டுக் கரப்பன்பர்கள் இதை ‘டாமினோ’ என்று கொஞ்சி, விலை கொடுத்து வாங்குகிறார்கள். லின்னேயஸே ஏமாந்து இதை வண்டுக் கூட்டத்தில் சேர்த்துவைத்தார். பெயரில் இருக்கும் பெட்டிவர், லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்தவர். சென்னைக் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரவுன் அனுப்பிய செடிகொடிகளும் சில உயிரினங்களும் அவர் கைக்குத்தான் போயின.

அந்தப் பொட்டு அதன் சொந்தச் சரக்கல்ல என்பது அறிஞர் துணிபு. அதே காட்டில் ஆறு புள்ளி வண்டு ஒன்று திரிகிறது. சீண்டினால் அமிலம் பீய்ச்சும் முரடு. கரப்பு அதைப் பார்த்து எழுதியிருக்கிறது. பரீட்சையில் காப்பியடிக்கும் பையன் பதற்றத்தில் ஒரு விடையைக் கூடுதலாக எழுதிவிடுவது மாதிரி, ஒரு புள்ளி கூடிவிட்டது. பறவைகள் எண்ணிப் பார்ப்பதில்லை போலும். இதைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: காப்புக்காட்டில் எதை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். “எதுக்கு சார் உள்ள போறீங்க?” என்று வனக்காவலர் கேட்டால், “கரப்பான் பூச்சி பிடிக்க” என்று முகம் மாறாமல் சொல்லும் பயிற்சியும் வேண்டும்.

அது இல்லாதவர்களுக்கு ஜாம் பாட்டில் முறை. அடியில் வாழைப்பழத் தோல், வாயின் உட்புறம் இரண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின், ஏறுவதற்கு வசதியாக வெளிப்புறம் பழந்துணிச் சுற்று. ராத்திரி ஸிங்க் அடியில் வைத்தால் காலையில் சரக்கு இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். பூச்சி முன்காலால் மீசையை வளைத்து வாய்க்குள் இழுத்து, அடியிலிருந்து நுனிவரை அவசரமில்லாமல் உருவும். பிறகு அடுத்த மீசை. மீசையில் அழுக்குப் படிந்தால் அதற்கு வாசனை சரியாகத் தெரியாது என்பது காரணம். நம் கை பட்டதை நினைத்துத்தான் இவ்வளவு கழுவுகிறது என்று முடிவு கட்டுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. நேரில் பார்த்தவர்கள் அந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். (“டேய், அந்த பாட்டிலை அப்புறம் ஊறுகாய்க்கு எடுத்துக்கலாம்ல?” என்று அம்மா கேட்டால், துறையின் எதிர்காலம் கருதி மழுப்பலாகப் பதில் சொல்க.)

காட்டில் பிடித்ததன் இடர்கள் பல. வீட்டில் மருந்து அடித்திருந்தால் பிடித்தது இரண்டு நாளில் மல்லாந்துவிடும். அதைவிடக் கொடுமை முட்டைப்பையில் நடப்பது. கரும்பழுப்புப் பை, ஒரு விளிம்பில் வரிசையாகப் பற்கள், உள்ளே 14 முதல் 16 முட்டை. வளர்ப்பாளர் ஒன்றரை மாதம் நாள் எண்ணுகிறார். ஒரு காலையில் பையில் வட்ட ஓட்டை. குஞ்சு ஒன்றுகூட இல்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒரே ஒரு கறுப்புக் குளவி, குட்டி வயிற்றைக் கொடி மாதிரி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. எவானியா அதன் பெயர். அதன் புழு உள்ளிருந்த முட்டை அத்தனையையும் தின்று வளர்ந்திருக்கிறது. இக்குளவி நம்மைக் கொட்டாது. இந்தக் குளவியைத்தான், வளர்ப்பதை ஒப்புக்கொள்ளாதோர் விளக்குமாற்றால் அடித்துக் கொன்று, கரப்புக்கு இலவசக் காவல் தருகிறார்கள்.

தோலுரித்தவுடன் கரப்பு பால்வெள்ளையாக இருக்கும். அபூர்வ இனம் கிடைத்துவிட்டது என்று குதிப்பவர்கள் சில மணி நேரம் பொறுக்கவும். பழுத்துப் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

கடைசியாக உடல்நலம். கரப்போடு நெடுநாள் பழகுபவர்களில் சிலருக்கு அதன் கழிவும் தோல்தூளும் ஒவ்வாமல் போய் தும்மலும் மூச்சிரைப்பும் வருவதுண்டு. கரப்பின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்னும் புரதம் இறாலிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே காசிமேடு, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்தில் இருந்துகொண்டு இத்துறைக்கு வர விரும்புவோர், இறால் தொக்கை வயிறார ஒரு பிடி பிடித்துவிட்டு, பிறகு பாட்டிலைத் திறப்பது உத்தமம்.