பீரோ மதினி

மார்கழி பாதி கழிந்ததும் பீரோ மதினிக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். "பொங்கல் வருதுல்ல, வீட்டக் கொஞ்சம் மாத்தணும். பைசா செலவு கிடையாது கொழுந்தனாரே, இருக்குறத வச்சே பண்ணப்போறேன்" என்பார். இருக்குறது என்று அவர் சொல்வது இரண்டு உருப்படிகளை. ஒன்று பீரோ. இன்னொன்று கொழுந்தன்.

எங்கள் ஊர் பொட்டிப்புரத்தில் தெருவுக்கு ஒரு மதினி இப்படி உண்டு. பழைய சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைப்பார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளான்ட் வளர்ப்பார். யூடியூப் பார்த்து, தேங்காய்ச் சிரட்டைக்குத் தங்கக் கலர் அடித்து டிவி பக்கத்தில் வைப்பார். இதிலெல்லாம் அடுத்தவர் இடுப்புக்கு ஆபத்தில்லை. ஆனால் பீரோவை நகர்த்தினால் வீடே புதுசாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள், அங்கேதான் நான் மாட்டுகிறேன்.

அது ஆறரை அடி இரும்பு பீரோ, கல்யாணச் சீர். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு நகர்த்தலாமே என்றால், "எடுத்தா திரும்ப அடுக்கணும்ல?" என்பார். ஆகவே பட்டுச் சேலைகள், கம்பளி, சீர்வரிசைக் குடம், சாவி தொலைந்த லாக்கர், அந்த லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்ற ரகசியம் உட்பட சகலமும் சேர்ந்தே கிளம்பும். தலையில் இரண்டு சூட்கேஸ். அவற்றை மட்டும் இறக்கிக்கொள்ள அனுமதி உண்டு.

முன்காலைத் தூக்க ஒருவர், சாக்கைச் செருக ஒருவர், பின்னால் முட்டுக் கொடுக்க ஒருவர் வேண்டும். அண்ணனுக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் இடுப்பு பிடித்திருக்கும். மீதி ஆட்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மதினி நிலைப்படியில் நின்றுகொள்வார். "இன்னும் ரெண்டு விரக்கட தள்ளுங்க... அய்யோ ஜாஸ்தி... ஒரு விரக்கட இங்கிட்டு." பீரோக் கண்ணாடியில் நம் முகம் நமக்கே தெரியும். முக்கி முனகும்போது மனிதன் எவ்வளவு விகாரமாக இருக்கிறான் என்பதை மிகக் கிட்டத்தில் பார்க்கலாம்.

வைத்து முடித்ததும் மதினி வாசல்வரை பின்வாங்கி, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். இரண்டு நொடி. பிறகு "ம்ஹூம்."

அந்த ம்ஹூமில் என் தண்டுவடம் அரை அங்குலம் குறையும்.

கன்னி மூலையில் வைத்து வடக்கே பார்க்கத் திறந்தால் பணம் தங்கும் என்று ஒரு பொங்கலுக்குக் கேள்விப்பட்டார், வைத்தோம். கட்டிலுக்கு நேரே கண்ணாடி தெரியக்கூடாது என்று தீபாவளிக்குக் கேள்விப்பட்டார், வாயு மூலைக்குத் தள்ளினோம். ஆடிக் காற்றில் ஜன்னல் வழியே வந்த செம்மண் புழுதி கண்ணாடியில் அப்பியதால் அக்னி மூலைக்கு இழுத்தோம். ஈசானி மூலையில் பாரமே வைக்கக்கூடாது என்பதால் அங்கே ஒரே ஒரு ராத்திரிதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பீரோவுக்கு அடியில் கோலிக்குண்டு, கொண்டை ஊசி, ஒரு நாலணா ஆகியவை கிடைக்கும். அந்த நாலணா 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது. அதையும் துடைத்துப் பத்திரமாக லாக்கர் மேல் வைப்பார். மறுபடி எப்படி அடியில் போகிறது என்பது தனி விசாரணை.

செலவே கிடையாது என்றார் அல்லவா, அந்தக் கணக்குக்கு வருவோம். பீரோ நகர்ந்ததும் சுவரில் அது நின்ற இடம் ஆளுயரத்துக்குக் கட்டம் கட்டித் தெரியும். வீட்டுக்கு ரோஸ் கலர் அடித்த வருஷம் பீரோவை யாரும் நகர்த்தவில்லை. எனவே அங்கே மட்டும் பழைய பச்சை, ஓரத்தில் அதற்கும் முந்தைய நீலச் சுண்ணாம்பு. மறைக்க ஒரு படம் மாட்டலாம் என்று ஆணி அடித்தால் காரை பெயர்ந்து விழும். அதைப் பூசப் பட்டி வேண்டும். பட்டி பார்த்த இடம் வெள்ளையாய் முழிக்கும், அதற்கு ஒரு லிட்டர் பெயிண்ட். வாங்கத் தேவாரம் டவுனுக்குப் போக வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல். சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கு அப்பளமாய்ப் பொரிந்து உரியும், ஆகவே சுரண்ட ஓர் ஆள். அந்தச் சுவர் பளிச்சென்று ஆனதும் மற்ற மூன்றும் அழுக்காய்த் தெரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் திதரோ என்ற எழுத்தாளருக்கு இதே கதிதான். புதிதாய் ஒரு சிவப்பு வீட்டு அங்கி வந்து சேர, அதற்கு முன்னால் பழைய வைக்கோல் நாற்காலி அசிங்கமாய்த் தெரிந்தது. நாற்காலியை மாற்றினார், மேசையை மாற்றினார், கடைசியில் பழைய அங்கியையே நினைத்துப் புலம்பி ஒரு கட்டுரை எழுதினார். இந்த நோய்க்கு அவர் பெயரையே 1988-ல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் வைத்துவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

பொட்டிப்புரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நியூட்ரினோ என்பார்கள். அந்த நுண்துகளை ஆராய இங்கே ஆய்வகம் கட்டும் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் காந்த இரும்பை உள்ளே கொண்டுபோய் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். மலை என்னாகும், தண்ணீர் என்னாகும் என்று ஊர் எதிர்த்தது, வழக்கு நடந்தது, வேலை நின்றது. மதினிக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம்தான்: "அம்புட்டு இரும்பையும் கொண்டாந்து எந்த மூலையில வப்பாங்களாம்?" சாக்கும் நாலு கொழுந்தன்மாரும் கொடுத்திருந்தால் அவரே வைத்துக் காட்டியிருப்பார். வைத்துவிட்டு "ம்ஹூம்" என்றும் சொல்லியிருப்பார்.

இவ்வளவும் சிரிப்புத்தான். ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பில்லை. ஹால் அழகாக வேண்டும் என்று முடிவெடுத்ததும் முதலில் வெளியே போவது பீரோ அல்ல, அப்பத்தாவின் நார்க்கட்டில். "பாக்க நல்லால்ல" என்று திண்ணைக்குப் போகும், திண்ணைக்குக் கலர் அடிக்கும்போது மாட்டுக் கொட்டகைச் சார்ப்புக்குப் போகும். மார்கழிப் பனியில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அந்தக் கிழவி அங்கேதான் படுத்துக் கிடக்கிறாள். பொங்கலுக்கு வருகிற நாலு பேர் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து காபி குடிக்கிற இடத்துக்காக, வருஷம் பூரா அந்த ஹாலிலேயே படுத்து எழுந்தவளைக் கிளப்புவது எந்த ஊர் அழகு? அவளிடம் யாரும் கேட்கவில்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போன நாங்களும் கேட்கவில்லை.

அதே மதினி போகியன்று வேறு ஆளாக இருப்பார். விடிவதற்குள் ஓடைக் கரைக்குப் போய் ஆவாரம்பூவும் கண்ணுப்பிள்ளையும் ஒடித்து வருவார். வேப்பிலை, மாவிலை சேர்த்துச் சின்னச் சின்னக் கொத்தாகக் கட்டி வாசல், மாட்டுக் கொட்டகை, தோட்டத்து மோட்டார் ரூம் என்று எல்லா இடத்திலும் காப்புக் கட்டுவார். நிஜமாகவே பைசா செலவில்லை. சாணம் தெளித்த வாசலில் அவர் புள்ளி வைக்கிற வேகத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எண்ண முடியாமல் தோற்றுப்போகும். கோலத்துக்குக் காவி கட்டி நிமிரும்போது, அந்த உரிகிற ரோஸ் சுவர்கூட நன்றாகத்தான் இருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். "அப்ப அந்தச் சுவத்துக்கு முன்னாடி பீரோ வேணாங்குறீங்க?" என்று கேட்டார்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் வருவார்கள். அதற்கு முன்னால் இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்பதால், அவர் போன் வந்தால் தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லச்சொல்லி வீட்டில் ஏற்பாடு செய்திருந்தேன். போன வாரம் போன் பண்ணவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். காபி கொடுத்தோம். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து எங்கள் வாசல்வரை போனவர், திரும்பி நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கினார்.

"உங்க பீரோவ ஏன் கொழுந்தனாரே அங்க வச்சிருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "நானும் அதத்தான்க்கா சொல்லிக்கிட்டே இருக்கேன்."