யானையும் கட்சி மாறும்

கேள்வி: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற கணினி விளையாட்டை ஆடினால் வரலாறு வரும் என்கிறான் என் மகன். நம்பலாமா?

பதில்: வரலாறு வருமோ என்னவோ, குடும்பக் கணக்கு நிச்சயம் வரும். 1997இல் வந்த முதல் ஆட்டத்தில் கற்காலத்தைத் தாண்டவே 500 சாப்பாடு சேர்க்க வேண்டும். சக்கரவர்த்தி கனவோடு உட்கார்ந்தவர் முதல் பத்து நிமிஷம் புதரில் பழம் பறிக்க ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார். ஒரு வீட்டுக்கு நாலு பேர்தான். இன்னொரு வீடு கட்டாமல் ஐந்தாவது ஆள் பிறக்கவே மாட்டான். (நல்ல ஏற்பாடு!)

வரலாற்று ஆசிரியர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். சுமேரியரும் யமாட்டோ ஜப்பானியரும் நேருக்கு நேர் மோதலாம். நிஜத்தில் நடுவே 2,000 ஆண்டுக்கு மேல் இடைவெளி. எனக்குப் பிடித்தது பூசாரிதான். கத்தி இல்லை, வில் இல்லை. தடியை ஆட்டி ‘வொலோலோ’ என்பார். சற்று நேரத்தில் எதிரியின் போர் யானை நிறம் மாறி நம் பக்கம் நிற்கும். கட்சித் தாவல் தடைச் சட்டமெல்லாம் அங்கே கிடையாது.

குறுக்குவழியும் உண்டு. ‘பெப்பரோனி பிட்சா’ என்று தட்டினால் 1,000 சாப்பாடு. ‘பிக்டாடி’ என்றால் ராக்கெட் விடும் கார். எகிப்தியர் எதில் ஏறிப் போர் செய்தார்கள் என்று பரீட்சையில் கேட்டால் பையன் என்ன எழுதுகிறான் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.