மத்தளம்பாறை ஹவுண்ட்

ஏ மருமவனே, இங்கன வந்து உக்காரு. சாரல் விழுது, பெஞ்சு நனையுததுக்கு முன்னால சொல்லிருதேன். அந்தத் தகரக் கொட்டகையில பதினோரு நாயை வச்சுக்கிட்டு நீ படுத பாட்டை மூணு மாசமா நானும் பாக்கேன். குட்டி எல்லாம் வந்த வாரத்துலயே போயிட்டு. மிச்சம் கிடக்கது யாரு? கருப்பு ஒண்ணு, காலு நொண்டுதது ஒண்ணு, மோவாய் நரைச்சது ஒண்ணு, பாக்கி பூரா பொட்டை. கல்யாணச் சந்தையில கடைசி வரைக்கும் நிக்கிற அதே வரிசைதான்.

நீ என்ன செய்தே? ஒவ்வொண்ணையும் சோகமாப் படம் புடிச்சு, யாராவது வாழ்வு குடுங்கன்னு வாட்ஸ்அப்புல விட்டே. எனக்கும் வந்துச்சு. கை கூப்புத பொம்மை ஒண்ணைத் திருப்பி அனுப்பிட்டுப் படுத்துட்டேன். ஊரும் அதைத்தான் செஞ்சிருக்கும். பாவம்னு சொல்ல ஆயிரம் பேரு வருவான்டே, பாவத்துக்குப் பாய் போட ஒருத்தன் வரமாட்டான்.

நேர்ல வருதவன் முதல்ல என்ன கேக்கான்? 'என்ன ஜாதி?' மனுசங்கிட்ட கேக்கதுக்காவது இப்பம் கொஞ்சம் கூச்சம் வந்திருக்கு. நாய்னா அதுவும் கிடையாது. நீ தலையைச் சொறிஞ்சுக்கிட்டு 'சாதா தெரு நாய்தான் அண்ணாச்சி'ங்க. கெட்டுது காரியம். கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி தாண்டிப் போனா ராஜபாளையம். ஊர்ப் பேருதானே? அந்தப் பேருல உள்ள நாய் 2005ல தபால்தலையில ஏறிட்டு. சிப்பிப்பாறையும் ஊருதான், கோம்பையும் ஊருதான், நம்ம மத்தளம்பாறையும் ஊருதான். இனிமே எவனாவது கேட்டா 'மத்தளம்பாறை ஹவுண்ட்'னு சொல்லு. பொய் இல்லடே, அங்கனதானே பொறந்துச்சு? 'ஆமா ஆமா, நெட்டுல பாத்திருக்கேன்'ம்பான் பாரு.

நெட்டுல பாத்து வாங்குத கதையும் தெரியும். 2003ல ஹட்ச் செல்போன் விளம்பரத்துல ஒரு சப்பைமூக்கு நாய் பையன் பின்னால ஓடுச்சு, ஊரே அது பின்னால ஓடுச்சு. மூக்கு சப்பைன்னா மூச்சு வாங்கும், நம்ம வெயிலுக்கு நாக்குத் தள்ளிரும். அதை யாரு யோசிச்சா? நாட்டு நாய்க்கு என்ன கொறச்சல்? திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்ல மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் நிக்கி. எசமான் விழுந்த எடத்துல கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்ன நாயையும் அதுல செதுக்கி, கோவிவன்னு பேரையும் வெட்டி வச்சிருக்கான். ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. எனக்கு ரேசன் கார்டுலயே பேரு தப்பா இருக்கு.

கருப்பு வேண்டாம்னு சொல்லுதவன் யாருன்னு பாத்தியா? தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை சாத்துத அதே ஆளு. சாமி வாகனம்னா கும்பிடுவான், வாகனம் வாசலுக்கு வந்தா கல்லெடுப்பான். அவங்கிட்ட தர்க்கம் பண்ணாதே. அடுத்த அஷ்டமிக்குக் கருப்பனைக் குளிப்பாட்டி, கழுத்துல செவப்புக் கயிறு கட்டி, அவன் வருத வழியில நிறுத்து. மிச்சத்தைப் பைரவர் பாத்துக்கிடுவாரு.

பொட்டை வேண்டாம்ங்கவனுக்குக் காதைக் காட்டு. நறுக்கு விழுந்த காதுன்னா கருத்தடை ஆயிட்டுன்னு அர்த்தம். மெட்ராஸ்ல புளூ கிராஸ்காரங்க 1964லயே இந்த வேலையைத் தொடங்கிட்டாவ. 'மாமன் மடி இல்லாமக் காது குத்தின பிள்ளை, இனிமே செலவு கிடையாது'ன்னு சொல்லு, சிரிச்சுருவான். சிரிச்சவன் பாதி சம்மதிச்ச மாதிரி. வெறிநோய் ஊசிச் சீட்டையும் கையோட குடு. ஜூலை 6ல, சாரல் சீசன் நடுவுல, கால்நடை ஆஸ்பத்திரியில இலவசமாப் போடுவாவ. 1885ல பாஸ்டர் ஒரு சின்னப் பையனுக்கு முதல் ஊசி போட்ட தேதி அது.

சீசன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அருவிக்கரையில நாய்க பரோட்டாவும் கோழி எலும்பும் தின்னு கொழுத்துத் திரியும். கூட்டம் போச்சுன்னா அருவி வத்துததுக்கு முன்னால அதுக வயிறு வத்திரும். உன் கொட்டகைக்குப் பாதி வரவு அங்கன இருந்துதான். அதுகளைக் கடைக்காரங்கிட்டதான் சேக்கணும். அதுகளுக்கு மழையும் தெரியும், கூட்டமும் தெரியும், எலையை எங்கன போடுவாவன்னும் தெரியும். பழகின வேலைக்காரன் யாருக்குடே கிடைப்பான்?

கோர்ட்டு சொன்னதையும் மறந்துராதே. 2025 ஆகஸ்ட் 11ல டெல்லித் தெரு நாயைப் பூராவும் புடிச்சு அடைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 22ஆம் தேதியே அதை மாத்தி, ஊசியும் கருத்தடையும் முடிச்சு எடுத்த எடத்துலயே விடு, வெறிபிடிச்சதையும் கடிக்கதையும் மட்டும் விடாதேன்னுட்டு. பிரியப்பட்டவன் தத்து எடுத்துக்கிடலாம், ஆனா திரும்பத் தெருவுக்கு வரக்கூடாதுன்னும் சேத்துச்சு. நம்ம வீடுகள்ல மருமவளுக்கே அந்த உத்தரவாதம் கிடையாது.

அதனால யார் வீட்டுக்கு அனுப்புதோம்னு பாரு. நீ நாயைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்க. தரகன் பொண்ணைப் பாக்கதைவிட மாப்பிள்ளை வீட்டைத்தான் பாப்பான். தோப்புல ராப்பகலாச் சங்கிலியில கட்டிப்போட ஆள் தேடுதவனுக்குக் குடுக்காதே, தலையை ஆட்டிட்டு வந்துரு. சாப்பாட்டு நேரத்துல போ. அந்த வீட்டுல கிழவிக்குச் சோறு எத்தனாவதா போடுதாவன்னு பாரு. கடைசியாப் போட்டா, நாய்க்கு அதுக்கும் பின்னாலதான்.

வீடு புடிச்சுட்டா, எடுத்துக்கிடுங்கன்னு மட்டும் வாயைத் தொறந்துராதே. 'ஊருக்குப் போறேன், ஒரு வாரம் பாத்துக்கிடுங்க'ன்னு விட்டுட்டு வா. ஒம்பதாம் நாள் நீ போயி நின்னா, உன்னையப் பாத்துத்தான் அது குலைக்கும். வீட்டுக்காரனும் அதுக்கு ஏத்தாப்புல முறைப்பான். செருப்பு தின்னுத பருவம் தாண்டின நாய்னா ஒரு வாரமே சாஸ்தி.

அந்த நரைமோவாய்க்கு நானே எடம் பாத்துட்டேன். மேலகரத்துல ஒரு மதினி இருக்கா, மவன்மாரு ரெண்டும் துபாய். நாய் வேணுமான்னு நான் கேக்கல. 'மதினி, உங்க தெருவுல தேங்கா களவு போவுதாமே'ன்னு மட்டும் கேட்டுட்டு வந்தேன். ராத்திரி தூங்கியிருக்க மாட்டா. நாளைக்கு விடியக்கால அதைக் கூட்டிக்கிட்டு அந்தத் தெரு வழியாச் சும்மா நட. கோலம் போட்டுக்கிட்டு இருப்பா. ஒண்ணும் பேசாதே. வாசல் வந்ததும் செருப்பு வார் அந்துபோன மாதிரி குனிஞ்சுக்கோ, கயிறைக் கொஞ்சம் லூசா விடு.