பார்த்தாலே போதும்

ஆடி பிறந்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கிவிட்டால் மைக் செட்டுக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. அந்த நேரம் பார்த்து ஆம்ப்ளிஃபையர் படுத்துக்கொண்டால் ஓடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் செட்டைக் கொடுத்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள். பிற ஊர்களில் பழுது பார்ப்பவர்கள் அளந்து பார்த்து, யோசித்து, பிறகு பேசுவார்கள். இவருக்கு மேல்மூடியைக் கழற்றினால் போதும். எஸ்.எம்.பி.எஸ். பக்கம் ஒரு பார்வை. "பவர் போர்டு போச்சு." சில சமயம் மூடியைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுவார்.

ஃபியூஸ் விஷயத்தில் அவர் வள்ளல். கண்ணாடிக்குள் கரி அப்பியிருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று பொருள், பிரிட்ஜ் டயோடையும் மாஸ்ஃபெட்டையும் சோதிக்காமல் அடுத்த ஃபியூஸைப் போடக் கூடாது என்பார்கள் கருமிகள். இவர் உடனே புது ஃபியூஸ் போடுவார். அது வெடித்தால் கூடுதல் ஆம்பியரில் ஒன்று. அதுவும் வெடித்தால் ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிச் சுற்றிவிட்டு, "இனிமே ஃபியூஸ் போகவே போகாது" என்று உறுதி தருவார். சொன்ன சொல் தவறியதே இல்லை. அதற்குப் பிறகு வெடித்ததெல்லாம் மாஸ்ஃபெட்டும் போர்டின் செம்புக் கோடுகளும்தான்.

செட்டுக்குத் தொடராக 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போட்டு மின்சாரம் கொடுப்பது பயந்தாங்கொள்ளிகளின் வழக்கம். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். எதுவும் வெடிக்காமல் விடை கிடைத்துவிடும். இவர் கடையில் குண்டு பல்பே கிடையாது, எல்லாம் எல்.இ.டி. நாட்டின் மின்சாரத்தின் மேல் அவ்வளவு அக்கறை.

வீரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் பெரிய கண்டென்சரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே தங்கியிருக்கக்கூடும். மற்றவர்கள் ஒரு ரெசிஸ்டரை வைத்து மெல்ல வடித்து, மீட்டரில் சரிபார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். இவர் ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைப்பார். 'டமார்' என்ற சத்தத்தில் வாசலில் நிற்பவருக்கும் வேலை நடப்பது தெரியும்.

மீட்டர் இல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். மஞ்சள் நிறத்தில் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் எதிரில் நின்றால் வெளியே வரும். மெயின்ஸ் பக்கத்தை அளக்க, கறுப்பு முனையைப் பெரிய கண்டென்சரின் மைனஸில் வைக்க வேண்டும். இவர் எல்லாவற்றுக்கும் சேசிஸிலேயே வைப்பார். மெயின்ஸ் பக்கம், அவுட்புட் பக்கம் என்று பேதம் பார்க்காத சமத்துவவாதி. மீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். "பாத்தீங்கல்ல?" என்பார். நாமும் பார்த்துவிடுவோம்.

இந்த ஆடியில் ஒரு செட் 'டிக்... டிக்...' என்று துடித்துக்கொண்டு வந்தது. முன்விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. உள்ளே யூசி3842 வகை ஐ.சி. அது 16 வோல்ட் கிடைத்தால் விழிக்கும், 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தூங்கிவிடும். விழிக்கும் வரை ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சிறு கண்டென்சர் ஒன்று மெல்ல நிரம்பும். விழித்த பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் துணைச்சுற்று கைகொடுக்கும் வரை அந்தக் கண்டென்சர்தான் தாங்க வேண்டும். அது உலர்ந்து போயிருந்தால் தாங்காது. விழிப்பதும் விழுவதுமாக 'டிக் டிக்' கேட்கும். அவுட்புட் டயோடு ஷார்ட்டானாலும் இதே சத்தம்தான். ஆகவே முதலில் அந்த டயோடுகள், அடுத்து இந்தக் கண்டென்சரின் ஈ.எஸ்.ஆர். (உள்மின்தடை) என்று பார்ப்பது முறை.

நம்மவர் குற்றவாளியைத் தேடி நேரத்தை வீணாக்கவில்லை. ஊரையே கைது செய்தார். ஐ.சி., மாஸ்ஃபெட், பிசி817 ஆப்டோகப்ளர், டிஎல்431 என எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டார். அந்தச் சிறு கண்டென்சர் ஒன்றுக்கு மட்டும் விடுதலை. அது வீங்கவில்லை, கசியவில்லை, பார்க்க லட்சணமாக இருந்தது. லட்சணமானவர்களைச் சந்தேகிப்பது அவர் குணமல்ல. வெப்பம் 10 டிகிரி கூடினால் கண்டென்சரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்று தெரிந்தும், அதற்கு ஹீட்சிங்க் ஓரத்திலேயே கதகதப்பாக இடம் ஒதுக்கிய தயாரிப்பாளரின் தாயுள்ளத்தையும் இங்கே பாராட்டிவிட வேண்டும்.

'டிக் டிக்' நிற்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல, போர்டு போச்சுன்னு" என்று முழுப் போர்டையும் மாற்றினார். போட்ட உதிரிகளுக்கு ஒரு விலை, புதுப் போர்டுக்கு ஒரு விலை, கூலி தனி. பழைய போர்டைச் செட்டுக்காரர் தலையில் கட்டவில்லை, குப்பையைத் தானே வைத்துக்கொண்டார்.

ஆவணி முதல் வாரத்தில் பக்கத்து ஊர் செட்டுக்காரர் ஒருவர் தன் ஆம்ப்ளிஃபையரில் இவர் போட்டுத் தந்த 'புது' போர்டைப் பெருமையாகத் திறந்து காட்டினார். ஓரத்தில் நம் செட்டுக்காரர் மார்க்கரில் குறித்திருந்த முதலெழுத்து அப்படியே இருந்தது. 'டிக் டிக்' இல்லை. ஹீட்சிங்க் ஓரத்தில் சில ரூபாய் பெறும் சிறு கண்டென்சர் ஒன்று மட்டும் புத்தம் புதிதாக நின்றது.

அவருக்குப் பழுது கண்டுபிடிக்கத் தெரியாது என்று இனி எவரும் வாய் திறக்கக் கூடாது. இவ்வளவு தெரிந்தும் செட்டுக்குச் சொந்தக்காரர் எதிரில் ஒருநாளும் காட்டிக்கொள்ளாத அடக்கம் வேறு யாருக்கு வரும்?