உதட்டுப் பிதுக்கலுக்கு உரை

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உடல்மொழி கற்கப் பட்டறை வேண்டாம். கொழுந்து நிறுக்கும் இடம் போதும். கணக்குப்பிள்ளை தராசைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தால், ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிந்தது. துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யாருக்கோ ஏச்சு. இதையெல்லாம் பாட்டிமார் கூடையோடு சேர்த்தே பேத்திகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

அரசியல் உடம்புதான் சிரமம். தேர்தலில் கூப்பிய கைகள், சம்பளப் பேச்சில் விரிந்துவிடும். 2024 மே தினத்தில், கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்றார் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. தோட்டக் கம்பனிகள் தலையாட்டவில்லை, நீதிமன்றப் படியேறின. செப்டம்பரில் வர்த்தமானி சொன்ன அடிப்படைச் சம்பளம் 1,350. மீதி 350 எங்கே என்று கேட்டால், கட்சி பேதமில்லாமல் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.